கொட்டகையில் நிற்கும் காருக்கும் இன்சூரன்ஸ் வேண்டுமா? டெல்டா மாவட்டங்களில் கார் வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

காவிரி டெல்டாவில் ஓடாமல் நிற்கும் கார்கள் ஏராளம். சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை பார்க்கும் மகன் விடுமுறையில் வந்தால் ஓட்டுவதற்காக வாங்கிப் போட்ட கார், கண் பார்வை மங்கியதால் தந்தை ஓட்டுவதை நிறுத்திவிட்ட கார், உரிமையாளர் இறந்த பிறகும் பெயர் மாற்றப்படாமல் கிடக்கும் கார் என்று தெருவுக்கு ஒன்றாவது கண்ணில் படும். பாலிசி முடியும் மாதம் வரும்போது இந்த வீடுகளில் எல்லாம், ஓடாத வண்டிக்கு எதற்கு இன்சூரன்ஸ் என்ற கேள்வி எழுகிறது. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன: சட்டம் நம்மிடம் என்ன கேட்கிறது என்பது ஒன்று, நம் ஊர் மழையும் காற்றும் அந்தக் காரை என்ன செய்யக்கூடும் என்பது மற்றொன்று. முன்னதற்கு, நம் காரால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் மூன்றாம் நபர் காப்பீடு. பின்னதற்கு, நம் காருக்கே நேரும் சேதத்துக்கான சொந்த சேதக் காப்பீடு. இவற்றைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் வேண்டாத இடத்தில் பணம் போகிறது, வேண்டிய இடத்தில் காப்பு இல்லாமல் போகிறது.

சட்டம் கேட்பது

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146 ஆவது பிரிவு, பொது இடத்தில் வாகனத்தைப் பயன்படுத்துபவரும், பிறரைப் பயன்படுத்தச் செய்பவரும், அதற்கு அனுமதிப்பவரும் மூன்றாம் நபர் காப்பீட்டை நடப்பில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆகவே காரை வைத்திருப்பதால் மட்டும் இந்தக் கடமை வந்துவிடுவதில்லை. பொது இடத்தில் பயன்படுத்துவதால் வருகிறது. சொந்தக் கொல்லையில் கதவு பூட்டிய கொட்டகைக்குள், பேட்டரி இணைப்புக் கழற்றப்பட்டு நிற்கும் காருக்குப் பாலிசி இல்லை என்பதற்காக யாரும் அபராதம் விதிக்க வரமாட்டார்கள். பிரிட்டனில் உறவினர் இருப்பவர்கள், சாலையில் ஓட்டாத காருக்கு அங்கே அரசிடம் அறிவிப்புச் செய்ய வேண்டும் என்பதைக் கேள்விப்பட்டு, இங்கும் அப்படி ஏதாவது படிவம் உண்டா என்று விசாரிப்பது உண்டு. நம் நாட்டில் சொந்த உபயோகக் கார்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

இவ்வளவோடு நிம்மதி அடைந்துவிட முடியாது. டெல்டாவின் பழைய ஊர்களில் கார் நிறுத்தக் கொட்டகை உள்ள வீடுகள் குறைவு. கும்பகோணத்தின் குறுகிய தெருக்களிலும், சுவரோடு சுவர் ஒட்டிய அக்ரகார வீடுகளிலும், கோயிலைச் சுற்றிய வீதிகளிலும் கார் வாசலில்தான் நிற்கிறது. வாசல் என்பது தெரு, தெரு என்பது பொது இடம். அங்கே அது ஆறு மாதமாக அசையாமல் நின்றாலும், பயன்பாட்டில் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மகாராஷ்டிரத்தில் நெடுஞ்சாலையோரம் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் லாரி, சில மணி நேரம் கழித்து வெடித்துப் பலர் உயிரிழந்த வழக்கில், அசையாமல் கிடந்த நேரத்தையும் வாகனத்தின் பயன்பாட்டுக்குள் அடக்கி 1991 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெருவிளக்கு எரியாத இரவில் உங்கள் வாசலில் நிற்கும் காரின் பின்புறத்தில் ஓர் இருசக்கர வாகனம் மோதிவிட்டால், இழப்பீட்டு மனுவில் உங்கள் பெயரும் எதிர்மனுதாரராக இடம்பெறக்கூடும். தனியார் இடம் என்பதும் எல்லா நேரத்திலும் அரண் ஆகாது: பொதுமக்கள் வந்துபோகும் அரிசி ஆலை வளாகம், கல்யாண மண்டபத்தின் முன்திடல் போன்றவற்றைப் பொது இடமாகக் கொள்ள நீதிமன்றங்கள் தயங்குவதில்லை.

பாலிசி இல்லாமல் பிடிபட்டால், 196 ஆவது பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். மறுமுறை என்றால் அபராதம் 4,000 ரூபாய். உண்மையில் அஞ்ச வேண்டியது இந்த அபராதத்துக்கு அல்ல. விபத்தில் ஓர் உயிர் போய்விட்டால், வாகன விபத்து வழக்குகளுக்கான தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் இழப்பீடு, இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் பொறுத்துப் பல லட்சங்களைத் தாண்டிச் செல்லலாம். காப்பீடு இல்லையெனில் அந்தத் தொகை முழுவதும் உரிமையாளரின் தலையில் விழும். அதை நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல் மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிக்க 174 ஆவது பிரிவு வழி செய்கிறது. நஞ்சை நிலமே ஒரே சொத்தாக உள்ள குடும்பங்கள் நிறைந்த நம் பகுதியில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவது

ஓடாத காரைப் பற்றிய பெரும்பாலான சிக்கல்கள் அது ஓடும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் வருகின்றன. பேட்டரி இறங்கிவிடக் கூடாது, டயர் ஒரே பக்கம் அமுங்கிவிடக் கூடாது என்பதற்காக, பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை ஆற்றங்கரைச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரச் சொல்வது எங்கும் உள்ள வழக்கம். அந்த ஒரு சுற்றுக்கும் முழுச் சட்டமும் பொருந்தும். பாலிசி நடப்பில் இருக்க வேண்டும், ஓட்டுபவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும், ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கக் கூடாது. சாவி கொடுத்தவர் கடல் கடந்து இருந்தாலும், அனுமதித்தவர் என்ற முறையில் பொறுப்பு அவருக்கும் உண்டு. ஆகவே மூன்றாம் நபர் காப்பீட்டை முடியவிட்டுவிட்டால், அன்றிலிருந்து வண்டி வாசற்படியைத் தாண்டக் கூடாது என்பதை வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். வெறும் சொல்லை நம்பாமல் பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, சாவியைப் பீரோவில் பூட்டிவைப்பது நல்லது.

என் கருத்தில், ஓடும் நிலையில் உள்ள எந்தக் காருக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை நிறுத்துவது புத்திசாலித்தனம் அல்ல. இதற்கான பிரீமியத்தைக் கம்பெனிகள் நிர்ணயிப்பதில்லை, அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, 1000 சி.சி.க்கு மேற்படாத காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய், இவற்றோடு ஜி.எஸ்.டி. சேரும். விகிதம் திருத்தப்படக்கூடியது என்பதால், கட்டும் நாளில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளவும். நள்ளிரவில் பிரசவ வலி என்றோ நெஞ்சு வலி என்றோ பக்கத்து வீட்டார் வந்து நிற்கும்போது, கொட்டகையில் உள்ள காரை எடுக்காமல் இருக்க நம்மால் முடியாது. அந்த ஒரு இரவுக்காகவே இத்தொகையைக் கட்டலாம்.

பாலிசியில் உள்ள இரண்டு தேதிகள்

இனி எடுக்க வேண்டியது பாலிசித் தாள். கோயம்புத்தூர் மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார் வாங்கும் ஒவ்வொருவரும் மூன்று ஆண்டுகளுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்கின்றனர். ஆனால் அதே தாளில் உள்ள சொந்த சேதக் காப்பீடு பெரும்பாலும் ஓராண்டுக்கு மட்டுமே. புதிய காரை வாங்கி வைத்துவிட்டு வெளிநாடு திரும்பும் மகன், மூன்று வருடத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டுப் போகிறார். ஓராண்டு கழிந்ததும் சொந்த சேதக் காப்பீடு முடிந்துவிடுகிறது. புதுப்பிக்கச் சொல்லும் குறுஞ்செய்தி, அவர் இந்தியாவில் பயன்படுத்தி இப்போது அணைத்து வைத்திருக்கும் எண்ணுக்குப் போகிறது. அடுத்து வரும் ஐப்பசி அடைமழையில் போர்ட்டிகோவுக்குள் தண்ணீர் ஏறும்போதுதான் வீட்டாருக்கு உண்மை தெரியவருகிறது.

எனவே தாளில் இரண்டு முடிவுத் தேதிகளையும் தனித்தனியே தேடிப் பார்த்து, இரண்டையும் வீட்டுக் காலண்டரில் குறித்துவைக்கவும். வாகன விவரங்களைக் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் இன்சூரன்ஸ் நடப்பில் இருப்பதாகக் காட்டினாலும், கொட்டகையின்மேல் மரம் விழுந்தால் பணம் வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு பிறருக்கு நேரும் இழப்புக்கானது. அதிலிருந்து உங்கள் காரின் கண்ணாடிக்குக்கூட ஒரு ரூபாய் வராது. பாலிசியில் பதிவாகியுள்ள கைப்பேசி எண்ணை, ஊரில் உள்ளவரின் எண்ணாக மாற்றும்படி கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கவும்.

நம் ஊரில் சொந்த சேதக் காப்பீடு

பிற மாவட்டங்களில் நிற்கும் காருக்கு ஆபத்து குறைவு என்று வாதிடலாம். டெல்டாவில் அது செல்லாது. இங்கே நின்ற இடத்துக்கே ஆபத்து வருகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, வீடும் கொட்டகையும் அவற்றுக்குள் இருந்தவையும் சேர்ந்தே நசுங்கின. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் ஆண்டுகளில் கரையோரக் கிராமங்களின் நிலை எல்லோரும் அறிந்ததே. புயல், வெள்ளம், தீ, மின்னல், திருட்டு, கலவரம் ஆகிய எல்லாமே சொந்த சேதக் காப்பீட்டில் அடங்கும். அறுவடைக்குப் பின் கொட்டகையை ஒட்டி வைக்கோல் போர் போடுபவர்களுக்குத் தீ என்பது வெறும் பெயரளவு ஆபத்து அல்ல. ஆனால் வண்டியைப் பாதுகாக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை என்பதால், போரைத் தள்ளிப் போடுவதே முறை.

அடங்காதவற்றையும் அறிந்துகொள்ள வேண்டும். நின்று நின்று பேட்டரி செத்துப்போவது, டயர் வெடிப்பு விடுவது, துருப்பிடிப்பது ஆகியவை தேய்மானம். அவற்றுக்குப் பணம் கிடையாது. அறுவடை முடிந்து வயல்கள் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வந்து வயரிங்கைக் கடித்து வைப்பது நம் பகுதியில் அடிக்கடி நடப்பது. இதற்குக் காப்பு உண்டா, எந்த அளவுக்கு என்பதைப் பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். மிக முக்கியமானது இன்ஜின். வெள்ளம் வடிந்ததும் ஸ்டார்ட் ஆகிறதா என்று சாவியைத் திருகிப் பார்த்தால், உள்ளே புகுந்த தண்ணீரால் இன்ஜின் உடைகிறது. அந்த உடைப்பு வெள்ளத்தால் நேரடியாக வந்தது அல்ல, விளைவுச் சேதம் என்று சொல்லிக் கம்பெனிகள் மறுப்பது வழக்கம். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பைத் தாழ்வான இடத்தில் கார் நிறுத்துபவர்கள் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன். கார் பத்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் இத்தகைய கூடுதல் காப்பு கிடைப்பது கடினம்.

பழைய காருக்குச் சொந்த சேதக் காப்பீடு தேவையா என்பதை, ஐ.டி.வி. என்று பாலிசியில் குறிக்கப்படும் மதிப்பை, அதாவது கார் முழுவதும் போய்விட்டால் கம்பெனி தரும் அதிகபட்சத் தொகையைக் கொண்டு முடிவு செய்யலாம். நான்கு ஆண்டு முடிந்து ஐந்துக்குள் உள்ள காருக்குப் புதுக்கார் விலையில் 50 விழுக்காடு கழிக்கப்படும். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகையே மதிப்பு. பழுது பார்க்கும்போதும் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி போன்றவற்றுக்குப் பாதி விலைதான் தருவார்கள். அந்த மதிப்பு முழுவதும் ஒரே நாளில் போய்விட்டால் குடும்பம் தாங்கிக்கொள்ளும் என்றால் மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். தாங்காது என்றால் நிறுத்தக் கூடாது. வங்கிக் கடன் பாக்கி உள்ள காருக்கு இந்தக் கேள்வியே எழாது: கடன் தீரும்வரை முழுக் காப்பீடு வேண்டும் என்பது கடன் ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

பிரீமியத்தைக் குறைக்கும் வழிகள்

ஆண்டில் ஓரிரு மாதமே ஓடும் காருக்கு, ஓடும் தூரத்தைப் பொறுத்துப் பிரீமியம் கட்டும் முறையை 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. இவ்வளவு கிலோமீட்டருக்குள் ஓட்டுவேன் என்று அறிவித்து, மீட்டர் அளவைப் படம் எடுத்துக் கொடுத்தால், சொந்த சேதப் பகுதியின் பிரீமியம் குறையும். விடுமுறைக்கு மட்டும் வரும் குடும்பங்களுக்கு இதுவே பெரும்பாலும் பொருத்தமானது. அறிவித்த தூரத்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

பலரும் அறியாத இன்னொரு வழி, மோட்டார் காப்பீட்டு விதிகளில் நெடுங்காலமாக உள்ள, காரை முடக்கி வைக்கும் ஏற்பாடு. கொட்டகையில் மாதக்கணக்கில் தொடர்ந்து நிறுத்தப்போவதை முன்னதாகவே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்தால், அந்தக் காலத்துக்குத் தீ, திருட்டு, கலவரம், புயல், வெள்ளம் ஆகியவற்றுக்கான காப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற பொறுப்புகளை நிறுத்திவைப்பார்கள். அதற்கு ஈடாக அடுத்த பிரீமியத்தில் ஒரு தொகையைக் கழிப்பார்கள் அல்லது பாலிசியின் காலத்தை நீட்டிப்பார்கள். இணையத்தில் இதற்கான பொத்தானைத் தேடிப் பயனில்லை. பாலிசி வழங்கிய கிளை அலுவலகத்துக்கே மனு கொடுத்து, ஒப்புதல் குறிப்பைக் கையில் வாங்க வேண்டும். அந்தக் காலத்தில் மூன்றாம் நபர் காப்பும் நின்றுவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. வாரம் ஒரு சுற்று ஓட்டும் வீட்டுக்கு இந்த ஏற்பாடு ஆகாது. தெருவில் நிற்கும் காருக்கும் ஆகாது.

முடிந்துபோன பாலிசியை மீட்பது

மூன்றாம் நபர் காப்பீடு முடிந்திருந்தால் மீண்டும் எடுப்பது எளிது. சொந்த சேதக் காப்பீட்டை முடியவிட்டவர்கள், காரை ஆய்வு செய்ய ஆள் வரும்வரை அல்லது செயலி வழியே கார் முழுவதையும் படம் பிடித்து அனுப்பி ஒப்புதல் பெறும்வரை காத்திருக்க வேண்டும். பிரீமியம் கம்பெனியின் கைக்குச் சேராமல் காப்பு தொடங்காது என்பது காப்பீட்டுச் சட்டத்தின் விதி. வங்கக் கடலில் புயல் சின்னம் உருவான பிறகு ஏஜென்டைத் தேடுவது பயன் தராது. ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் மரபையொட்டி வயல் வேலைகள் தொடங்குவதுபோல், காரின் தாள்களையும் ஆடிப்பெருக்குக்குள் சரிபார்த்து முடித்துவிட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் போதிய அவகாசம் இருக்கும்.

90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், இழப்பீடு கோராமல் ஆண்டுதோறும் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் முழுவதும் போய்விடும். சொந்த சேதப் பிரீமியத்தில் கிடைக்கும் இந்தத் தள்ளுபடி, முதல் ஆண்டுக்கு 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை வளர்வது. காரை விற்பதாக முடிவு செய்தால், அந்தச் சலுகை காருக்கு அல்ல, உங்களுக்கே உரியது என்பதால், கம்பெனியிடம் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கவும். மூன்று ஆண்டுகளுக்குள் வேறு கார் வாங்கும்போது பயன்படும்.

இறந்தவர் பெயரில் உள்ள கார்

தந்தையின் பெயரில் கார் இருக்கும், அவர் காலமாகியிருப்பார், பாலிசி மட்டும் ஆண்டுதோறும் அவர் பெயரிலேயே புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். இப்படிக் கட்டும் பணம் இழப்பீடு கோரும் நாளில் பெரும் தகராறில் முடியும். காப்பீடு செய்தவர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் அல்லது பாலிசி முடியும் தேதி, இவற்றில் எது முந்தியதோ அதுவரையே பழைய பாலிசி செல்லும். வாரிசுகள் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு இறப்பைத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழோடு வாரிசுச் சான்றிதழும் தேவைப்படும் என்பதால், காரியங்கள் முடிந்த கையோடு தாசில்தார் அலுவலக வேலையைத் தொடங்குவது நல்லது. வாகனம் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ வந்தால், இறந்தவரின் நோ கிளெய்ம் போனஸும் அவர்களுக்கே வரும். இதைக் கேட்டு வாங்க வேண்டும். தானாக யாரும் தரமாட்டார்கள்.

சேதம் நேர்ந்தால்

வெள்ளம் ஏறிய காரை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி, பதிவெண்ணோடு சேர்த்துப் படங்கள் எடுத்து, அன்றே கம்பெனிக்குத் தெரிவித்து, இழப்பீட்டுக் கோரிக்கைக்கான எண்ணைப் பெறவும். மரம் விழுந்திருந்தால், சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை அல்லது கம்பெனி அனுமதிக்கும்வரை மரத்தை வெட்டி அகற்ற வேண்டாம். வழி மறித்துக் கிடந்து வெட்டியே ஆகவேண்டும் என்றால் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படமும் வீடியோவும் எடுத்துக்கொண்டு வெட்டவும். திருட்டு என்றால் காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கை பெற வேண்டும். அதை உடனே செய்திருந்தால், கம்பெனிக்குத் தெரிவிப்பதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2020 இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. காரின் இரண்டு சாவிகளையும் கம்பெனி கேட்கும். ஒன்று துபாயிலும் ஒன்று மன்னார்குடியிலும் இருக்கும் குடும்பங்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

கம்பெனி மறுத்தாலோ ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. கம்பெனியின் மறுப்பு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். காரைக்காலில் உள்ளவர்களுக்கும் அதே அலுவலகம்தான்.

இனி ஓடவே ஓடாது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்ட காரைக் கொட்டகையில் துருப்பிடிக்க விட்டுவைப்பது, ஆர்.சி. புத்தகம் உயிரோடு இருக்கும்வரை உரிமையாளரின் பெயரையும் பொறுப்பையும் அதோடு கட்டிவைப்பதாகும். நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாத நிலைக்கு வந்த வாகனத்தைப் பற்றி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்யச் சட்டத்தின் 55 ஆவது பிரிவு சொல்கிறது. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாமல், அரசு பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து அதற்குரிய சான்றிதழை வாங்கிக்கொள்ளவும். கார் அந்த நிலையத்தின் வாசலுக்குள் போகும்வரை அதை இழுத்துச் செல்லும் வழி பொதுச் சாலை என்பதால், மூன்றாம் நபர் காப்பீட்டை அன்றுவரை நடப்பில் வைத்திருந்து, பதிவு ரத்தான தாள் கைக்கு வந்த பின் பாலிசியை ரத்து செய்யும்படி கம்பெனிக்கு எழுதவும்.